அடைப்புக்குறிக்குள் அடங்காத செண்பகம் ஆன்ட்டி

தண்ணீர்த் தொட்டி கழுவப்போகும் அறிவிப்புக்கும், யாருடைய ஸ்கூட்டர் யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற சண்டைக்கும் நடுவே அந்தச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை, அப்பாவின் போனில், சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “பி விங் மூன்றாவது மாடி திருமதி செண்பகம் (டெனன்ட்) இன்று காலை மாரடைப்பால் காலமானார். ஓம் சாந்தி.”

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த அடைப்புக்குறியைப் பாருங்கள். ஒரு மனுஷி மூச்சை விட்ட பிறகும், அவர் வாடகைக்கு இருந்ததை விட முடியவில்லை நம் செகரெட்டரி அங்கிளுக்கு. மேலே போன இடத்தில் சொந்த வீடா, அங்கேயும் பதினோரு மாத அக்ரிமென்ட்தானா என்று விசாரித்து அதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

செய்திக்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லோரும் இரங்கினார்கள். யாரும் இறங்கவில்லை. லிஃப்ட் அன்று வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

நம் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் மலருக்கு, “ஆன்ட்டியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடு” என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. அவையெல்லாம் ஆன்ட்டிக்கு. மிச்ச வார்த்தைகள் நமக்கு.

செம்பூரின் இந்த மூலையில் நம் இரண்டு விங் கட்டடத்துக்கு ஒரு குரல் இருந்ததென்றால் அது செண்பகம் ஆன்ட்டியின் குரல். பகலில் சயானில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் மைக். கணபதி, நவராத்திரி, பொங்கல், குடியரசு தினக் கொடியேற்றம், எதுவானாலும் சக்கரம் வைத்த அந்த நீல ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். விழா முடிவில் ஹவுஸி, கூப்பிடும் எண்ணை டிக்கெட்டில் அடித்துக்கொண்டே போகும் விளையாட்டு. டப்பாவுக்குள் கையை விட்டு எண்ணை எடுத்து அவர் கூப்பிடும்போது, டிக்கெட் வாங்காதவர்கள்கூட பால்கனியில் வந்து நிற்பார்கள்.

“அஞ்சும் அஞ்சும் அம்பத்தஞ்சு! நம்ம செகரெட்டரி சாரோட வயசு, பத்து வருஷமா!”

கீழே நாற்காலியில் செகரெட்டரி அங்கிள் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொள்வார். ஆன்ட்டி விடமாட்டார். “சார் சிரிக்காவ, எல்லாரும் பாத்துக்கிடுங்க. அடுத்த மீட்டிங்குக்கு இது செல்லாது.”

ஆன்ட்டி ஒன்றும் உத்தமி இல்லை. ஹவுஸியில் நன்றாகத் திருட்டு வேலை செய்வார். ஒரு வரிகூட நிறையாமல் எந்தக் குழந்தையாவது உதட்டைப் பிதுக்கினால், அதன் டிக்கெட்டை ஓரக்கண்ணால் பார்த்து, டப்பாவிலிருந்து வராத எண்ணை வந்ததாகக் கூப்பிடுவார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். “என்னட்டி மொறைக்க? புள்ள அழுதா நீயா தூக்குவ?” என்பார், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். நாற்காலி போட ஆளைக் கூப்பிடுவது ஆன்ட்டி. டீ சொல்வது ஆன்ட்டி. “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” ஆன்ட்டி. கூட்டம் தொடங்கியதும் செகரெட்டரி அங்கிள் தொண்டையைச் செருமுவார். அதுதான் சமிக்ஞை. ஆன்ட்டி வெளியே வந்து, வாட்ச்மேன் பாண்டேஜியின் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே மெம்பர்கள் மட்டும். மைக்கைச் சோதித்தவருக்கு மைக் கிடையாது. போன வருடம் உள்ளேயிருந்து ‘கர்ர்’ என்று சத்தம் வந்ததும் செகரெட்டரி அங்கிள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “செண்பகம், கொஞ்சம் வந்து பாருங்கோ, என்னமோ கத்தறது.”

“அது மைக் இல்ல சார், உங்க கணக்கு” என்றபடி உள்ளே போய், ஒரு வயரைத் திருகிவிட்டு, மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தார்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் இருந்தீர்கள் அந்த அறைக்குள்? “நீங்களும் உக்காருங்க” என்று ஒரு வாய் திறந்ததா? என் அப்பாவும் அங்கே இருந்தார், அதனால் நாக்கூசாமல் கேட்கிறேன். அந்த அறை முழுக்க வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் அவருக்குச் சொந்தம் என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை. அவர் வாடகைக்கு இருந்தவர். அவர் கை மட்டும் வாடியதே இல்லை.

இனி பலகைக்கு வருகிறேன். கேட்டுக்குள் நுழைந்ததும் பாண்டேஜி அறைச் சுவரில் இருக்கிறதே, அந்தக் கரும்பலகை. வாட்ஸ்அப் குழுவில் ஓனர்களுக்கு மட்டும்தான் இடம். வாடகைக்காரர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், இஸ்திரிக்காரர், காய்கறி வண்டிக்காரர் இவர்களுக்கெல்லாம் நம் சொசைட்டியின் சேதி தெரிவது அந்தப் பலகையில்தான். அதில் எழுதுவது ஆன்ட்டியின் வேலை. மராத்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றும் அச்சடித்தது போலிருக்கும். எழுதி முடித்ததும் வலது மூலையில் சின்னதாக ஒரு பூ போடுவார். தண்ணீர் வராது என்றாலும் பூ. லிஃப்ட் ரிப்பேர் என்றாலும் பூ. “வாடகைதாரர்கள் கிளப் ஹவுஸைப் பயன்படுத்தக் கூடாது” என்று கமிட்டி எழுதச் சொன்ன அன்றைக்கும் எழுதி, பூ போட்டார்.

“உங்களுக்கு எதிரா நீங்களே எழுதுறீங்களே, வெக்கமா இல்லியா?” என்று கேட்டேன்.

“வைதாலும் வடிவா வையணும்லா” என்றார் சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு. “வெக்கம் எழுதச் சொன்னவியளுக்கு இருக்கணும். எனக்கு எதுக்கு?”

ஒரு ஏப்ரல் முதல் தேதி நான் அந்தப் பலகையில் என் கைவரிசையைக் காட்டினேன். தினமும் ஸ்கூல் பஸ்ஸுக்கு அதன் முன்னால் நின்று நின்று, ஆன்ட்டியின் கையெழுத்து என் கைக்கு வந்திருந்தது. “இன்று காலை முதல் மாலை வரை தண்ணீர் வராது.” அவ்வளவுதான் எழுதினேன். இரண்டு விங்கிலும் வாளி, அண்டா, குக்கர், பூ ஜாடி என்று ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். தொட்டி உண்மையிலேயே காலியாகி, நான் எழுதியது பலித்தது.

ஆன்ட்டி மாலையில் வந்து பலகையைப் பார்த்தார். நேரே என் காதைப் பிடித்தார்.

“எழுத்து அச்சு அசலா என்னுதுதான். பூவ மறந்துட்டியேட்டி.”

யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் காதை விடாமலே ஒன்று சொன்னார். “எங்கிட்ட வெளயாடு, செகரெட்டரிகிட்ட வெளயாடு. பலகைல மட்டும் பொய் எழுதாத. இது என்ன சொன்னாலும் சனம் நம்புது.”

அந்தப் பலகைக்கு ஒரு வழக்கம் உண்டு. சொசைட்டியில் யாராவது இறந்தால், இருப்பதை அழித்துவிட்டுப் பெயரையும், எடுக்கும் நேரத்தையும் எழுதுவார்கள். அன்றைக்கு இருக்கும் விழா நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு மேலே போய்ப் பார்ப்பார்கள். எத்தனையோ பேரின் பெயரை ஆன்ட்டியே எழுதியிருக்கிறார். அதற்கு மட்டும் பூ போடமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆன்ட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழையும்போது பலகையில் ஆன்ட்டியின் எழுத்தே இருந்தது. முந்தின நாள் எழுதியது. “நாளை மாலை ஹவுஸி! எல்லாரும் குடும்பத்தோடு வாங்க!” மூலையில் பூ.

கொஞ்ச நேரத்தில் அவர் கணவர் முருகையா மாமா இறங்கி வந்தார். கோவண்டியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. ஆன்ட்டி சாக்பீஸ் போட்டு வைக்கும் டப்பா.

“போர்டுல இன்னும் எழுதலியே” என்றார், கேட்டருகே எங்களோடு நின்ற செகரெட்டரி அங்கிளிடம். “சாக்பீஸ் இல்லியோன்னு எடுத்துட்டு வந்தேன்.”

செகரெட்டரி அங்கிள் டப்பாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். பிறகு பேச்சு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். “அது வந்து, முருகையா, போர்டுல மெம்பர்ஸ் பேர்தான் போடறது. ரூல். என் கையில இல்லை. குரூப்புல போட்டாச்சே, பாத்தேளோல்லியோ?”

“நாங்க குரூப்புல இல்லியே சார்.”

“ஹவுஸிக்கு வேற எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு. திடீர்னு நிறுத்தினா மெம்பர்ஸ் கேப்பா.”

மாமா டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, பாண்டேஜியின் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு மாடியேறினார். கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஆன்ட்டி உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல்.

செகரெட்டரி அங்கிள் உள்ளே போனதும் டப்பாவைத் திறந்தேன். எழுதுவது பெரிய விஷயமில்லை. அழிப்பதுதான். “எல்லாரும் குடும்பத்தோடு வாங்க” என்பது ஆன்ட்டி கடைசியாக எழுதியது. அதன் மேல் டஸ்டரை வைக்க என் கை வரவில்லை. ஆனால் அதை அப்படியே விட்டால் பலகை பொய் சொல்கிறது. எழுதியவர் மூன்றாவது மாடியில் கட்டையாகக் கிடக்க, பலகை ஹவுஸிக்கு அழைக்கிறது. அழித்தேன். பூவை மட்டும் அழிக்கவில்லை.

பிறகு மூன்று மொழியிலும் எழுதினேன், ஆன்ட்டியின் கையெழுத்திலேயே. “செண்பகம், பி விங், மூன்றாவது மாடி. இன்று காலை காலமானார். மாலை ஐந்து மணிக்கு எடுக்கிறோம்.” அடைப்புக்குறி போடவில்லை.

முதலில் வந்தவர் இஸ்திரிக்காரர். தூரத்திலேயே எழுத்தைப் பார்த்துவிட்டு, “பாபி ஆ கயீ கியா? ஹவுஸி கித்னே பஜே?” என்று, அண்ணி வந்தாச்சா, ஹவுஸி எத்தனை மணிக்கு என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தார். ஆன்ட்டி எங்கோ வெளியே போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார் என்றே நினைத்தார். கிட்டே வந்து படித்தார். தோளிலிருந்த துணி மூட்டையைத் தரையில் இறக்கினார். இன்னொரு முறை படித்தார். எழுத்து உயிரோடு இருக்கிறது, பெயர் செத்துப்போயிருக்கிறது. அந்த மனிதர் என்ன செய்வார்? பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மூட்டையை அங்கேயே விட்டு மேலே போனார். அவருக்குப் பின்னால் வேலை செய்யும் அக்காக்கள், ஏ விங் வாடகைக்காரர்கள், காய்கறிக்காரர். லிஃப்டுக்கு வரிசை நின்றது.

செகரெட்டரி அங்கிள் திரும்பி வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அந்தக் கையெழுத்து அவரையும் ஒரு விநாடி ஏமாற்றியிருக்க வேண்டும்.

“யாரு இதை எழுதினது? கிஸ்னே லிக்கா?”

பாண்டேஜி எழுந்து, சல்யூட் வைக்கிற மாதிரி நின்று சொன்னார்: “சாப், ஹேண்ட்ரைட்டிங் தோ செண்பகம் பாபி கா ஹை.” கையெழுத்து செண்பகம் அண்ணியுடையதாம்.

இவ்வளவு காலமாக இந்த சொசைட்டியில் நான் செய்த குறும்பு எதுவும் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்காது.

“பேட்டா, இது உன் வேலைதானே? அழி. ரூல்னா ரூல்.”

“நான் பொய் எழுதலியே அங்கிள்” என்றேன். “இதுல எது தப்புன்னு சொல்லுங்க, அத மட்டும் அழிக்கேன்.”

அப்போது படியிறங்கி வந்த ஃபாத்திமா ஆன்ட்டி நின்றார். மேலப்பாளையத்துக்காரர், பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், செகரெட்டரி அங்கிள் மொழியில் சொன்னால் ‘மெம்பர்’. ஆன்ட்டியைக் குளிப்பாட்ட உதவிவிட்டு ஈரக் கையோடு வந்திருந்தார். பலகையில் தொங்கிய டஸ்டரை எடுத்து செகரெட்டரி அங்கிளிடம் நீட்டினார்.

“சின்னப் புள்ளைய ஏன் ஏவுதிய? ரூலு உங்களோடதுதானே. நீங்களே அழிங்க. நாங்க எல்லாரும் நின்னு பாக்கோம்.”

டஸ்டர் நடுவில் நீட்டியபடியே இருந்தது. செகரெட்டரி அங்கிள் அதை வாங்கவில்லை. யாருக்கோ போன் வந்ததுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து மணிக்கு ஆன்ட்டியை எடுத்தபோது கேட் வரை ஆட்கள் நின்றார்கள். என் அப்பாவும் இறங்கி வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். ஹவுஸி “தவிர்க்க முடியாத காரணங்களால்” தள்ளிவைக்கப்பட்டதாகக் குழுவில் செய்தி வந்தது. நம் கமிட்டியால் ஆன்ட்டியைத் தவிர்க்க முடியாமல் போனது அன்றுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இரண்டு நல்ல வார்த்தை கூடுதலாக எழுதியிருப்பேன். அடுத்த வாரம் கிளப் ஹவுஸில் இரங்கல் கூட்டம். ஆன்ட்டியை ‘நம் குடும்பத்தில் ஒருவர்’ என்றார் செகரெட்டரி அங்கிள். முருகையா மாமாவைச் சிறப்பு அனுமதியோடு உள்ளே அழைத்திருப்பதாகவும் மைக்கிலேயே அறிவித்தார். சொந்த மனைவியின் இரங்கலுக்குச் சிறப்பு அனுமதி! அதைச் சொல்லும்போது மைக் ‘கர்ர்’ என்று கத்தியது. வயரைத் திருக ஆள் இல்லை. எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

முருகையா மாமா கோபர்கைரனேக்குக் குடிபோய்விட்டார், மகள் வீட்டுப் பக்கம். போகும் முன் டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். “நீயே வச்சுக்கோ தாயி. அவ எழுத்து உன் கையிலதான இருக்கு.”

இப்போது பலகையில் எழுதுவது நான்தான். கமிட்டிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தண்ணீர் வராது, எழுதுகிறேன். லிஃப்ட் ரிப்பேர், எழுதுகிறேன், பூவும் போடுகிறேன். போன வாரம் ஏ விங்கில் ஒரு வாடகைக்காரத் தாத்தா இறந்தார். செகரெட்டரி அங்கிள் ஒன்றும் சொல்லும் முன்பே பலகையை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். அங்கிள் பக்கத்தில் வந்து நின்று, பெயருக்கு அடுத்து, அடைப்புக்குறி இல்லாத காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன்.