அக்காவை எடுப்பதற்கு முன் போட்ட ஊசி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. மறைந்து என்று எழுதும்போதே எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வரை ஊரையே அதட்டிக்கொண்டிருந்தவர், விடிந்ததும் சாணி அள்ளக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள்.

அக்கா பிறந்தது நெல்லிவாசல்நாட்டில். அம்மா போன பிறகு என்னை வளர்த்து, படிக்கவைத்து, போளூருக்கு வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். அவர் வாழ்க்கைப்பட்ட மலையூரில் ஒருமுறை கோமாரி வந்தது. மாடுகள் எச்சில் ஒழுக, குளம்பு புண்ணாகிப் படுத்துவிட்டன. கன்றுகள் செத்தன. தடுப்பூசி முன்பே வந்திருந்தது, மாட்டை ஓட்டிவந்து போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. ஊசி என்றால் வந்த நோய்க்கு மருந்து என்றே எங்கள் பக்கம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மறுமுறை ஊசி வந்தபோதும், “நல்லா இருக்கிற மாட்டுக்கு இன்னாத்துக்கு ஊசி?” என்று கேட்டார்கள். “படுத்த மாட்டுக்குப் போட்டு இன்னா பண்ணப் போறீங்க?” என்றார் அக்கா. அதிலிருந்து, தடுப்பூசி முகாம் என்றால் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடிப்பார். அவர் வாய்க்குப் பயந்தே பலர் மாட்டை ஓட்டி வருவார்கள்.

அக்கா இறந்த அன்றுதான் முகாம். சாவு விழுந்தால் எடுக்கும்வரை அங்கே யாரும் மாடு அவிழ்ப்பதில்லை. சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு ஜீப்பில் வந்து இறங்கிய மாட்டு டாக்டர் அம்மா மேளச் சத்தம் கேட்டுத் திகைத்து நின்றார்.

“காரியம் முடியட்டுங்க, அப்புறமா வாங்க” என்றார் நாட்டாமை.

“கீழ ஒடுகத்தூர் பக்கம் கோமாரி வந்துடுச்சுங்க. இன்னைக்குப் போட்டாவே உடம்புல பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நோய் மலை ஏறிட்டா, நான் வந்தும் பிரயோசனம் இல்லீங்க” என்று டாக்டர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தலைமாட்டில் இருந்த அக்காவின் கணவர், எங்கள் மாமா, எழுந்தார்.

“மாட்ட அவுத்துக்கினு வாங்க. நேத்து இதுக்குத்தான் இவ ஊர் பூரா சுத்தினா. இவளாலயே ஊசி நின்னுபோச்சுன்னா, எந்த மூஞ்ச வெச்சுக்கினு நான் இவள எடுக்கறது?”

கட்டினவள் கிடக்கும்போது ஒரு மனிதர் பேசுகிற பேச்சா என்று எனக்குக் கோபம் வந்தது. நாட்டாமை கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, “மாட்ட அவுத்துக்கினு வாங்கப்பா” என்றார்.

அழுத கண்ணோடு மாடு பிடித்த ஒவ்வொருவருக்கும், வழக்கத்தைத் தளர்த்திய நாட்டாமைக்கும், வேலை முடிந்தும் போகாமல் சுடுகாடு வரை வந்த டாக்டர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் கோமாரி மலை ஏறியது. எங்கள் ஊரில் ஒரு மாடும் படுக்கவில்லை.

கடைசியாக, மாமாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று ஊர் மாடுகளுக்கெல்லாம் போட்டு முடிந்தும் அக்காவின் பசு யார் கைக்கும் நிற்கவில்லை, முட்டித் தள்ளியது. மாமா உள்ளே போய், அக்கா முந்தின நாள் கட்டியிருந்த சேலையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். பசு அவர் தோளை முகர்ந்து பார்த்துவிட்டு அடங்கி நின்றது. ஊசி போட்டார்கள். அதன் பிறகுதான் அக்காவை எடுத்தோம்.