நான்கு வெறும் மரச்சட்டங்கள்

ஜான்சிக்கு ஐம்பத்தோரு வயது. கடலூர் முதுநகரில் பிறந்தவர். அப்பா சார்லஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மகளைக் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினார். படிப்பு முடிந்து பல வருடம் கழித்து அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று அரை நாள். கணவர் கதிர்வேல் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார், சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் மற்ற நாட்களில் ஜான்சி தனியாகத்தான் இருப்பார்.

வீட்டில் வரைய இடம் கிடையாது. முதுநகர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் நிலக்கடலை மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் மாடி முழுக்க ஒரே கூடம். சிதம்பரத்தில் இருக்கும் தில்லைநாதன் என்பவருக்குச் சொந்தம். அந்தக் கூடத்தை ஒன்பது வருடமாக மூன்று பேர் பங்கு போட்டு வாடகைக்கு வைத்திருந்தார்கள். வடக்கு ஜன்னல் ஓரம் ஜான்சி. நடுவில் ஞானசேகரன், திருவதிகைக்காரர், களிமண்ணிலும் சிமெண்டிலும் உருவங்கள் செய்கிறவர். பின்சுவர் பக்கம் பவானி. கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான், முப்பத்தொரு வயது. பலகையில் படத்தைச் செதுக்கி, மை தடவி, கூடத்தில் போட்டிருந்த கனமான இயந்திரத்தில் தாளில் அச்செடுப்பது அவள் வேலை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து மூன்று வருடத்தில் பதினோரு பலகைகள் செதுக்கியிருந்தாள். இன்னும் ஒன்றிலும் முழுதாக அச்செடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் எடுப்பதாக இருந்தாள்.

2024 டிசம்பரில் புயலுக்குப் பிறகு பெய்த மழையில் அந்தத் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த அன்று காலை கிடங்கின் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அளவுக்கு விரிசல். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் காலி செய்யுங்கள், அதற்குப் பிறகு பூட்டி சீல் வைத்துவிடுவோம் என்றார்கள்.

பவானி அப்போது சிதம்பரத்தில் இருந்தாள். அவள் அம்மா சௌந்தரம் காய்ச்சலில் படுத்திருந்தார். செய்தி கேட்டதும் அவள்தான் கடலூரில் தெரிந்த ஓட்டுநர் ஒருவரைப் போனில் பிடித்துக் குட்டியானை வண்டி ஒன்றை அனுப்பிவைத்தாள். பிறகு ஜான்சிக்குப் போன் செய்தாள்.

“அக்கா, மத்தது எதுவும் வேணாம். ஷெல்ஃபுல அந்தப் பதினோரு பலகை மட்டும் எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன்,” என்றார் ஜான்சி.

ஞானசேகரன் பாதி உருவங்களை முதலிலேயே வேறு வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். பவானி அனுப்பிய வண்டியில் ஜான்சி தன் பதினான்கு ஓவியங்களை ஏற்றினார். பிறகு பெயிண்ட் டப்பாக்கள். பிறகு ஸ்டாண்ட். கடைசியாக, துணி இழுத்துக் கட்டாத நான்கு வெறும் மரச்சட்டங்கள். அவற்றை வைத்ததும் வண்டி நிறைந்துவிட்டது. நேரம் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஏறி இறங்கும்போதெல்லாம் படி முனகியது, அவருக்குப் பயமாக இருந்தது. பலகைதானே, ஷெல்ஃபில் பத்திரமாக இருக்கும், நாலு நாளில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தார். சட்டங்களை இறக்கிவிட்டுப் பலகைகளை வைத்திருக்கலாம் என்பது வண்டி கிளம்பிப் போன பிறகுதான் தோன்றியது.

மாலை பவானி கேட்டபோது, அதற்குள் சீல் வைத்துவிட்டார்கள், உள்ளே விடவில்லை என்று சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது.

நாலு நாள் ஆறு மாதமானது. ஞானசேகரன் திருவதிகையில் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி வேலை செய்தார். பவானி சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். ஜான்சியின் ஓவியங்கள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கிடந்தன. கதிர்வேல் சட்டை எடுக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு ஓவியங்களை நகர்த்த வேண்டும். ஜான்சிக்கு வரைய ஓடவில்லை.

பல வருடமாக ஜான்சி விரும்பி வரைந்தது மனு கொடுக்க வரும் மனிதர்களைத்தான். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வார். இப்போது கட்டிடத்தைச் சோதித்துப் பழுது பார்க்க அனுமதி கேட்டு, தில்லைநாதனோடு அவரே அந்த வரிசையில் நின்றார். மூன்று முறை போனார்கள். வரிசையில் நிற்கும்போது கால் எவ்வளவு வலிக்கும் என்பது தான் வரைந்த எந்தப் படத்திலும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

ஜனவரியில் மறுபடி மழை. பவானி போன் செய்தாள்.

“பின்சுவர் பக்கம் ஒழுகாதுல்லக்கா?”

“ஒண்ணும் ஆவாது,” என்றார் ஜான்சி.

பிப்ரவரியிலும் கேட்டாள், ஏப்ரலிலும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே பதில். கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது ஜான்சி இதைச் சொல்லவில்லை. அப்போது இது அவருக்கு ஒரு பாவமாகவே படவில்லை. ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். கதிர்வேல் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, “அத இப்ப சொல்லி என்ன ஆவப் போவுது? அந்தப் பொண்ணு பாவம், விடு,” என்றார்.

தில்லைநாதன் பின்சுவரை இடித்துக் கட்டினார், கூரைக்கு இரும்புத் தாங்கல் கொடுத்தார். ஜூன் இரண்டாம் வாரம் பொறியாளர் சான்று வந்தது. ஒரு புதன்கிழமை காலை மூன்று பேரும் மாடி ஏறினார்கள்.

கூடம் முழுக்க சுண்ணாம்புத் தூசி. சுவரை இடித்த கொத்தனார்கள் பவானியின் ஷெல்ஃபை அப்படியே நடுக்கூடத்துக்கு நகர்த்தி, மேலே ஒரு கோணியைப் போட்டிருந்தார்கள். கோணியை எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பலகைகள் மழையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, படகு மாதிரி வளைந்திருந்தன. அடித்தட்டில் கரையான். பவானி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். மூன்றாவது பலகையில் ஒரு கிழவியின் கையில் சுத்தியல் இருந்தது. முகம் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. நான்கு தேறும்போல இருந்தன. ஏழு போய்விட்டன.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜான்சியைப் பார்த்து, “நீங்க ஏங்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க. அவுங்க உள்ள விடலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க,” என்றாள்.

ஜான்சி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தன் ஜன்னல் பக்கம் போய்ப் பெருக்கினார். ஞானசேகரன் களிமண் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஓவியங்கள் திரும்பி வந்தன, நான்கு சட்டங்களும் வந்தன. அவற்றை ஜான்சி சுவரில் சாய்த்து வைத்தார். ஐந்தாம் நாள் இருவரும் சேர்ந்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜான்சி துணியைக் கீழே வைத்தார்.

“பவானி, அன்னிக்கு யாரும் என்னத் தடுக்கல. நாந்தான் எடுக்கல.”

பவானி திரும்பிப் பார்த்தாள். “வண்டியில எடம் இல்லையா?”

“இருந்துது. அந்த நாலு சட்டத்த ஏத்தினேன்.”

பவானி சட்டங்களைப் பார்த்தாள். “ஆறு மாசமா போன்ல கேட்டேனே,” என்றாள்.

“ஆமா.”

பவானி கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

சொன்னால் பாரம் குறையும் என்று ஜான்சி எதிர்பார்த்திருந்தார். குறையவில்லை. பன்னிரண்டு நாள் பவானி வரவில்லை. அந்த நாட்களில் ஒருமுறை ஞானசேகரன், வண்டியில் என்ன ஏறியது என்று தானும் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னார். அவள் தன்னிடமும் போனில் கேட்டதாகவும், அப்போது தானும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். இதையே பவானியிடம் போன் செய்து சொல்லியும் விட்டதாகச் சொன்னார். அவள் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

பதின்மூன்றாம் நாள் பவானி புதிய பலாப்பலகைகளோடு வந்தாள். அந்த மாடியை விட்டால் அவளுக்கு வேறு இடமும் இல்லை. அவள் அச்சு இயந்திரம் நான்கு ஆள் தூக்கும் கனம், அதை வைக்க அப்படி ஒரு கூடம் வேண்டும். ஜான்சி அவளிடம் போய், வடக்கு ஜன்னல் இடத்தை நீ வைத்துக்கொள் என்றார். மறுப்பாள் என்றுதான் நினைத்தார்.

“எனக்கு வெளிச்சம் தேவதான். எடுத்துக்கறேன், டீச்சர்,” என்றாள் பவானி.

அன்றே மேசையை நகர்த்தினாள். ஜான்சி பின்சுவர் பக்கம் குழல்விளக்கின் கீழே போனார். அந்த விளக்கில் மஞ்சளும் பச்சையும் வேறு மாதிரி தெரியும். சரியாகக் கலக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது வரிசையில் நிற்கிறவர்களின் கால்களை மட்டும் வரைகிறார்.

பேச்சு நிற்கவில்லை; தேவையான பேச்சு மட்டும் உண்டு. தண்ணீர் கேன் வந்துவிட்டதா, விளக்கை அணைக்கலாமா, இயந்திரத்தின் அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். ஜான்சி போய்ப் பிடிப்பார். பவானி தேறிய நான்கு பலகைகளைக் கல் ஏற்றி நிமிர்த்தி வைத்தாள். ஐந்தைப் புதிதாகச் செதுக்கினாள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் தில்லைநாதன் வந்தார். புதிய பூட்டு போட்டிருந்தார். ஒரு சாவி தன்னிடம் இருக்கும், இன்னொன்றை உங்களில் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி மழை வந்தால்கூட ஓடிவந்து திறக்கக்கூடியவரிடம் இருக்க வேண்டும் என்றார். ஞானசேகரன் பவானியைப் பார்த்தார். பவானி மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர் வீடுதான் கிட்ட. அவுங்ககிட்ட இருக்கட்டும்,” என்றாள்.

ஜான்சி சாவியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பள்ளி இல்லாத நாட்களில் எட்டு மணிக்கே வந்து திறக்கிறார். பவானியின் பஸ் வர ஒன்பதரை ஆகும்.