ஆபரேட்டரைத் தேடி இர்விங்குக்கு

நைஜீரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், நான் செய்த தவற்றை இன்னொருவர் தலையில் போட்டேன். அவர் பிழைப்பு போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, சென்ற ஜூன் மாதம், அதை அவரிடமே சொல்வதற்காக நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸ் போய் வந்தேன். எனக்கு வயது எழுபத்தெட்டு. இவ்வளவு பயந்து நான் எங்கும் போனதில்லை.

காலை 5.40. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து நெவார்க் விமான நிலையம் ஏறக்குறைய முப்பது மைல். மகள் வித்யா கார் ஓட்டினாள்.

"அப்பா, ஸ்ட்ரெயிட்டா கேக்கறேன். அந்த அங்கிளுக்கு எய்ட்டி ஆகுது. நீ போய் இதச் சொல்லி அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கும் அதே பயம்தாம்மா."

"அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம். அடுத்த எக்ஸிட்ல திரும்பட்டுமா?"

திருப்பினால் திருப்பட்டும் என்றுகூட இருந்தது. அவள் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகவே ஓட்டினாள்.

7.45. விமானம் கிளம்பியது. போகவர 236 டாலர்; ஒரு வழிக்குச் சுமார் ஆயிரத்து நானூறு மைல், நான்கு மணி நேரம். வாசிப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்ல இந்த நேரம் போதும்.

நைஜீரியாவின் இபாடான் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பௌதிகம் கற்பித்தேன். ஊர் ஊராக நாடகம் போட்டுவந்த யொரூபா மொழிக் குழுக்கள் அப்போதுதான் தங்கள் நாடகங்களைப் படமாக எடுக்கத் தொடங்கியிருந்தன. தியேட்டர்களில் ஹாங்காங் சண்டைப் படங்களும் இந்திப் படங்களும் ஓடின. இவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். அதனால் குழுத் தலைவரே பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடங்களின் ஹால்களில் படம் காட்டுவார். நெகட்டிவ் இல்லாத ஃபிலிமில் எடுத்த படங்கள் பல உண்டு. கேமராவில் ஓடிய அதே சுருள்தான், வெளிநாட்டில் கழுவி வந்ததும், திரையிலும் ஓடும். உலகத்தில் ஒரே பிரதி. அது கிழிந்தால் படமே இல்லை.

அப்படி ஒரு படம் எங்கள் பள்ளிக்கு வந்தது. தலைவரை எல்லோரும் ஓகா என்பார்கள். முதலாளி என்று பொருள். படம் ஓட்டும் ஆபரேட்டரின் பெயர் தாய்வோ. மூன்றாவது ரீலின்போது நான் அவரிடம், "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், பௌதிக வாத்தியாருக்குத் தெரியாத மெஷினா?" என்றேன். ஃபிலிம் விளக்கின் முன்னால் வருவதற்குமுன் தொய்வாக ஒரு வளைவு விட வேண்டும். அதை லூப் என்பார்கள்; விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் மிகச் சிறிதாக விட்டேன். ஓடவிட்டுவிட்டுத் தலைமையாசிரியரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஓரத் துளைகள் கிழிந்தன, படம் நின்றது, விளக்குச் சூட்டில் உருகியது. பதறிப்போய்க் கையால் இழுத்தேன். படத்தின் உச்சக் காட்சி முழுவதும் நார்நாராக வந்தது.

ஓகா ஓடி வந்தார். "ஃபிலிம் துண்டுகளைச் சேர்க்க உங்கள் ஆள் போட்ட ஒட்டு பிரிந்துவிட்டது" என்றேன். படித்தவன் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. கூட்டத்தின் முன்னாலேயே தாய்வோவை விரட்டினார்.

நியூஜெர்சியின் ஐசலினில் மருந்துக் கடையில் இருக்கும் ஒரு நைஜீரியப் பெண், தம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்துத்தான் முகவரி தந்தார். தாய்வோ மகளோடு டெக்சாஸின் இர்விங் நகரில் இருந்தார்.

11.20, டெக்சாஸ் நேரம். லைட் ரயில் கட்டணம் மூன்று டாலர். வெளியே வெயிலில் கண் கூசியது. இர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதிக் கண்ணாடிக் கட்டடங்கள் வரத் தொடங்கின. எதிரே ஆபீஸ் அட்டை அணிந்த ஒரு பெண், ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு.

"அங்கிள், தமிழுங்களா? நெஞ்சப் புடிச்சுட்டே வர்றீங்க, உடம்பு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லம்மா. ஒருத்தரப் பாக்கப் போறேன். பயமா இருக்கு."

"விசா இன்டர்வியூ கணக்கால்ல உக்காந்திருக்கீங்க! போயிட்டு வாங்க, கடிச்சா திங்கப் போறாங்க?"

சிரிக்க முயன்றேன். இறங்க வேண்டிய நிலையத்தில் கால் எழவில்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

12.30. கதவைத் திறந்த மகள் ஃபுன்மி, நர்ஸ். பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் முறைப்படி முழங்கால் மடக்கி, "வெல்கம், டாடி" என்றாள். அந்த வணக்கத்தை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை. தாய்வோ ஜன்னலோர நாற்காலியில் மெலிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேல் லூப்பா, கீழ் லூப்பா, மாஸ்டர்?"

"மேல் லூப். சின்னதா விட்டுட்டேன்."

"என் ஒட்டு?"

"நல்லா இருந்துது. ஒரு ஒட்டுகூட பிரியல."

"நானும் நம்பிட்டேன். அவசரத்துல ஒட்டினேனோ, பசை காயலையோன்னு. அப்புறம் எந்த மெஷினையும் தொடல. ஸ்கூல் வாட்ச்மேனாத்தான் ரிட்டயர் ஆனேன்."

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஓகா போயிட்டார். மகன் இபாடான்ல இருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க."

ஃபுன்மி போனில் போட்டுத் தந்தாள். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மறுமுனையில், "அப்பாவும் இல்லை, படமும் இல்லை. சொன்னதுக்கு நன்றி, சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"இப்ப போங்க, மாஸ்டர்" என்றார் தாய்வோ. தண்ணீர்கூடக் கேட்காமல் வெளியே வந்தேன். மாலை விமானத்தில் திரும்பினேன்.

மூன்று வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் பயந்தேன். வந்த செய்தி நான் நினைத்தது அல்ல. ஃபுன்மி சொன்னாள்:

"வீட்டுல யார் கண்ணாடி டம்ளர உடைச்சாலும் 'என் தப்பு'ம்பார் அப்பா. நாங்க அப்படித்தான் வளர்ந்தோம். நேத்து சர்ச்ல ஒருத்தர் சும்மா குறை சொன்னப்ப எழுந்து நின்னு, 'நான் செய்யல!'ன்னு கத்தினார். எங்களுக்கே பயமா இருந்துது."

"என்கிட்ட பேசுவாரா?"

"மாட்டார். இனிமே கூப்பிடாதீங்க, டாடி."

சரி என்றேன். அதன்பின் கூப்பிடவில்லை.