நான் எழுதிய மூன்றாம் கேள்வி

திருவொற்றியூர்க் குப்பத்தில் முதன்முதலாக பி.எஸ்ஸி. படித்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதில்லை. ரசாயனம் முக்கியப் பாடம். கடைசி வருஷம் உயிர் ரசாயனம் என்று ஒரு தாள் உண்டு. தின்ற சோறு உடம்புக்குள் என்ன ஆகிறது, எந்தச் சத்து குறைந்தால் எந்த வியாதி வரும் என்பதெல்லாம் அதில் வரும். 1953 மார்ச்சில் அந்தத் தாளை எழுதினேன். அதற்காக உருப்போட்ட இரண்டு மாதத்தில் என் அக்கா சிவந்தியின் கண் போயிருக்கும். அந்த லட்சணத்தில் படித்தவன் நான்.

குப்பத்தில் என் படிப்பை டாக்டர் படிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. கட்டி வந்தவர்களும் காதுவலிக்காரர்களும் என்னிடம் வந்து காட்டுவார்கள். நான் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்வேன். ஒத்தடம் எங்கள் பாடத்திலேயே கிடையாது. ஆனாலும் சிலருக்குக் குணமாகிவிட்டது, அதனால் என் தலைக்கனம் இன்னும் ஏறியது.

நைனா தேசப்பனுக்குக் கட்டுமரம். அம்மா மங்கம்மா சுறா ஈரல் வாங்கி விற்பவள். யுத்த காலத்திலிருந்தே எண்ணெய் காய்ச்சும் கம்பெனிகளில் அதற்குக் கிராக்கி. கரையில் சுறாவை அறுத்ததும் அம்மா ஈரலை வாங்கி, மண்ணெண்ணெய் டின்னில் உப்புப் போட்டு வைப்பாள். யானைக்கவுனியிலிருந்து கமால் பாய் சைக்கிளில் வந்து டின்னை எடுத்துப் போவார். எங்கள் வீட்டில் யாரும் அந்த ஈரலை வாயில் வைத்ததில்லை. அது விற்கிற சரக்கு.

பொங்கல் கழிந்து அக்கா தலைப்பிரசவத்துக்கு எர்ணாவூர் மாமியார் வீட்டிலிருந்து வந்தாள். அப்போது ஏழாம் மாதம். பிள்ளை உண்டானதிலிருந்தே அவளுக்கு மீன் வாடை ஆகவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து மீன் வாடைக்குப் பயந்தால் எங்கே போய் உட்காருவது? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளினாள்.

நான் படிப்பது ஊருக்கே கேட்கும். மனப்பாடம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. மூன்றாம் கேள்வி வைட்டமின் 'ஏ'தான், பத்து வருஷமாகத் தப்பியதில்லை என்று புரொபசர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலுக்கும் வலை காயும் இடத்துக்கும் நடந்தபடியே, "டிஃபிஷியன்ஸி ஆஃப் வைட்டமின் ஏ லீட்ஸ் டு நைட் பிளைண்ட்னஸ்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே முறத்தில் தாளம் தட்டுவாள். ஒரு மாதத்தில் அவளுக்கே பாதி பாடம் ஆகிவிட்டது. நான் மறந்து நிற்கிற இடத்தில் "நைட்டு பிளைண்டு" என்று எடுத்துக் கொடுப்பாள். அதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு தரம் கேட்டாள். உனக்குச் சொன்னால் புரியாது என்றேன். எனக்கே யாராவது சொல்லியிருந்தாலும் அன்று புரிந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவள் எதையாவது தட்டிவிடுவதும் இடித்துக்கொள்வதுமாக இருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும். தண்ணீர்க் குடத்தை உதைத்தாள். குழம்பை என் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். வலையில் கால் மாட்டி விழப் போனவளை அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள். வயிறு மறைப்பதால் கால் தெரியவில்லை என்று அக்கா சிரித்தாள், அம்மாவும் நம்பினாள். நான் நம்பவில்லை. படித்தவன் அல்லவா? தீர யோசித்து, பிறந்த வீட்டுக்கு வந்ததால் வந்த கொழுப்பு என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் என் நோட்டின் மேல் கஞ்சியைக் கொட்டிவிட்டாள். அதுவும் வைட்டமின் ஏ பக்கத்தின் மேல்.

"கண்ண எங்க வெச்சிகினு நடக்குறே?" என்று கத்தினேன்.

அவள் உட்கார்ந்து, தரையைத் தடவித் தடவிப் பருக்கைகளைப் பொறுக்கினாள். தடவித் தடவி என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது நனைந்த நோட்டு மட்டும்தான்.

பரீட்சையில் மூன்றாம் கேள்வி சொன்னபடியே வந்தது. இரண்டரைப் பக்கம் எழுதினேன். கண்ணைப் படம் போட்டு அம்புக்குறி கீறினேன். மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுவார்கள், எதிலாவது இடித்துக்கொள்வார்கள், கர்ப்பிணிகளுக்குச் சீக்கிரம் வரும், மீன் ஈரல் எண்ணெய் கைகண்ட மருந்து என்று ஒன்று விடாமல் எழுதினேன். கூடுதல் தாள் வாங்கும்போது பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கி வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா அன்றைக்கு வந்த ஈரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற அக்கா, என் குரல் கேட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். என்ன கேட்டார்கள், என்ன எழுதினாய் என்று ஆசையாக விசாரித்தாள். ஜெயித்துவிட்ட மிதப்பில் நானும் முதல்முறையாக அத்தனையையும் தமிழில் சொன்னேன். பொழுது போனால் கண் தெரியாமல் போவது, பிள்ளைத்தாச்சிகளுக்கு வருவது, ஈரல் தின்றால் சரியாவது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைட்டு பிளைண்டுன்னு கத்திகினு இருந்தியே, அது இதானா?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டு மாசமா எனக்கு சாய்ங்காலம் ஆனா கண்ணு தெர்லடா. மாலைக்கண்ணுன்னு தெரிஞ்சா அவங்க வூட்ல சேத்துக்க மாட்டாங்கன்னு வாயத் தொறக்கல. அதுக்கு மருந்து கீதுன்னு ஒரு வார்த்த தமிழ்ல சொல்லிருக்கக் கூடாதா?"

இத்தனை நாளும் அவள் தன் வியாதியின் பேருக்குத்தான் முறத்தில் தாளம் போட்டிருக்கிறாள். அருகிலேயே டின் நிறைய மருந்து இருந்தது. நான்தான் தினமும் அதைத் தூக்கிக் கமால் பாயின் சைக்கிளில் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தக் கடற்கரையில் இருக்க முடியாது என்று தோன்றியது.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? இல்லை. ஒரு ஈரலில் எத்தனை யூனிட் சத்து இருக்கும், அதைப் பார்க்க என்னென்ன திரவம் வேண்டும், காலேஜ் லேபில் அனுமதி கிடைக்குமா என்று ஆரம்பித்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. கையில் இருந்த ஈரலில் ஒரு துண்டை அறுத்துத் தோசைக்கல்லில் போட்டுவிட்டாள். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மென்று விழுங்கினாள்.

மறுநாள் ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கருவிழியே கெட்டிருக்கும் என்றார். இஷ்டத்துக்கு ஈரலைத் தின்னக் கூடாது, எண்ணெயைத்தான் அளவாகக் குடிக்க வேண்டும் என்று அம்மாவையும் அடக்கினார். இந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரித்தபோது அம்மா பெருமையோடு சொன்னாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் கமால் பாய் கம்பெனியிலிருந்தே ஒரு புட்டி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஈரல்தான், புட்டியில் ஏறி லேபிள் ஒட்டிக்கொண்டு மரியாதையாகத் திரும்பி வந்திருந்தது.

ஏப்ரலில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜூனில் பரீட்சை முடிவு வந்தது. பத்திரிகை ஆபீஸ் வாசலில் முண்டியடித்து என் நம்பரைத் தேடிப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு. வீட்டுக்குத் திரும்பும்போது அன்றும் பொழுது சாய்ந்துவிட்டது. தூரத்தில், வலை காயும் இடத்தில், அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் வேண்டுமென்றே குரல் கொடுக்காமல் மணலில் மெதுவாக நடந்தேன். பாஸான சந்தோஷமெல்லாம் எங்கோ போய், அவள் கண் என் பக்கம் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

"டேய், சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுகினா பட்டணம் பூரா சுத்திட்டு வர்றே?"

குனிந்து பார்த்தேன். தையல் முழுக்க வெளியே தெரிந்தது. காலையிலிருந்து ரயிலிலும் பத்திரிகை ஆபீஸிலும் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். நான் பெயிலாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அக்கா எனக்குச் சமாதானம் சொல்ல ஓடி வந்தாள். வழியில் கிடந்த வலையைப் பார்த்துத் தாண்டித்தான் வந்தாள்.