மாமாவோடு மோதிய பெத்தாங்க் ஆட்டம்

இன்னிக்கு சாயங்காலம் கடற்கரைப் பக்கம், குறிக்குக் கிட்ட குண்டை வீசி நிறுத்தற பெத்தாங்க் ஆட்டம். எதிரணியில என் அக்கா புருஷன் அந்துவான்.

பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போய்த் திரும்பினவர். மாதா திருநாளுக்கு அக்காவை உழவர்கரையில எங்க வீட்டுல கொண்டாந்து விட்டவர், அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இரும்புக் குண்டை வீசறதுக்கு முன்னாடி குந்துவேன். குறியா வெச்ச சின்ன மரக்குண்டு வரைக்கும் எங்க மேடு, எங்க கல்லுன்னு பாப்பேன். குண்டைத் துடைச்சிட்டு, எழுந்து ஒரு மூச்சு விட்டுட்டுதான் வீசுவேன்.

மாமாவுக்கு அது பொறுக்கல.

"என்ன மச்சான், ஜெபம் பண்றியா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் குண்டு பாதியிலயே நின்னுடுச்சு.

கடைசிக் குண்டுக்குக் குந்தினேன். "இவங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான். ஒரு காப்பி போட அரை நாள் ஆவும்"னாரு மாமா.

அது அக்காவைச் சொன்னது.

குந்தினபடியே கேட்டேன். "அக்காவை எப்ப கூட்டிக்கினு போறீங்க மாமா?"

ஒருத்தரும் சிரிக்கல.

அவசரப்படாம தரையைப் பாத்தேன், துடைச்சேன், வீசினேன். குண்டு உருண்டு போய் மரக்குண்டை ஒட்டி நின்னுது. ஜெயிச்சிட்டோம்.

மாமா கை குடுக்கல. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்"னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பினாரு.

அக்காவைக் கூப்பிடவா, என்னை அடிக்கவான்னு தெரியல. சண்டையை விலக்க ஆசைப்படறவங்க, அன்னிக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க.