உறைந்துபோன ஊசிமருந்து

தன் ரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தி நர்ஸ் வேலை பார்க்கலாமா? பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? பிளஸ் டூ முடித்துவிட்டு நான் வேலை தேடித் திரிந்த நாட்களில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இப்படிக் கேட்டார். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பாஞ்சாலிக்கு நடந்ததை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, பதிலைவிட அவள் கதையைச் சொல்வதே மேல் என்று தோன்றுகிறது.

பாஞ்சாலிக்குச் சொந்த ஊர் காவாந்தண்டலம். நர்ஸ் படிப்பை முடித்து, உத்திரமேரூரில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலம் அது. ஊசி விரலில் குத்திவிட்டால் குழாயடியில் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். சமைக்கிறவள் கையில் எண்ணெய் தெறிப்பதை யாராவது பெரிதாகப் பேசுவார்களா? அப்படித்தான்.

தொண்ணூற்றெட்டில் டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோருக்கும் காமாலைத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. மற்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, பாஞ்சாலியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உனக்கு இந்த ஊசி வேண்டாம் பாஞ்சாலி. அந்தக் கிருமி ஏற்கெனவே உன் ரத்தத்துல இருக்கு. ஹெபடைட்டிஸ் பி."

"கண்ணு கூட மஞ்சளாவலியே மேடம்?"

"நிறைய பேருக்கு ஆகாது. சத்தம் போடாம உள்ளயே இருக்கும். கல்லீரலை மட்டும் அப்பப்போ பார்த்துக்கணும்."

"அப்போ வேலை?"

"தாராளமா பாரு. கையுறை போடு, காயம் பட்டா மூடு. பிரசவத்துல தையல் போடற இடத்துல மட்டும் நீ கை வைக்காத. தொட்டுப் பேசினா, சேர்ந்து சாப்பிட்டா இது ஒட்டாது. ரத்தத்துலதான் பரவும்."

வெளியே வந்து, தான் முன்பே ஊசி போட்டுக்கொண்டதாக மற்றவர்களிடம் சொன்னாள். இதே காமாலைக் கிருமிக்காக வேறு ஓர் ஊரில் ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்பியதும், அவள் படுத்த பாயைக்கூடக் கொளுத்தியதும் பாஞ்சாலியின் காதில் விழுந்திருந்தன. டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பினாள். ஊர் நம்பும் என்று நம்பத்தான் முடியவில்லை.

அன்று முதல் அவள் தன் விரல்களையே காவல் காத்தாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பெண்கள் எல்லாம் அரிவாள்மனையைப் போட்டுக் காய் நறுக்க உட்காருவார்கள். பாஞ்சாலி மட்டும் உட்கார மாட்டாள். தப்பித் தவறி விரலில் வெட்டுப்பட்டு ஒரு சொட்டு விழுந்துவிட்டால்? தண்ணீர்க்குடம் தூக்குவாள், அண்டா கழுவுவாள், பந்தி பரிமாறுவாள்.

"நர்ஸு உத்தியோகம் வந்ததும் கத்திரிக்கா அரிய கை கூசுது பாரேன்" என்று பெண்கள் இடித்துக் காட்டுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றுவாள்.

பெண் பார்க்க வந்த தினகரனிடம் மட்டும் அவள் மறைக்கவில்லை. அவன் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். தனியாகப் பேசக் கிடைத்த சின்ன நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு யோசித்தான்.

"எனக்கு வராம இருக்க ஊசி கீதில்ல?"

"கீது. மூணு தபா போடணும்."

"போட்டுக்கினு வரேன். அப்பால நாள் குறிக்கலாம்."

சொன்னபடியே போட்டுக்கொண்டுதான் தாலி கட்டினான்.

இரண்டாயிரத்தில் பாஞ்சாலி கர்ப்பமானாள். கூடவே ஒரு பயமும் வளர்ந்தது. தாயிடமிருந்து இந்தக் கிருமி குழந்தைக்குத் தொற்றுவது பெரும்பாலும் பிறக்கும் நேரத்தில்தான். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் அநேகமாக ஆயுள் முழுக்கப் போகாது. தடுக்க வழி உண்டு. குழந்தை பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தொடையிலும் வெவ்வேறு ஊசி போட வேண்டும்; ஒன்று தடுப்பூசி, மற்றொன்று கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து. அந்த மருந்துகள் சென்னையிலிருந்து வரவேண்டியவை என்பதால், தினகரன் காஞ்சிபுரத்துப் பெரிய மருந்துக்கடையில் சொல்லிவைத்து முன்கூட்டியே வாங்கி வந்தான்.

எங்கே வைப்பது? ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் கூட வேலை பார்க்கும் அம்முலு ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அந்த இரண்டு மருந்தும் சேர்ந்து இருந்தால் என்ன அர்த்தம் என்று எந்த நர்ஸுக்கும் தெரியும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கடைசியில் பாஞ்சாலி எதிர்வீட்டு ஜுனைதாவிடம் போனாள். ஜுனைதாவின் கணவர் முஸ்தபா கடைத்தெருவில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார். வீட்டிலும் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது.

"பாயம்மா, பொறக்கப்போற கொழந்தைக்கு ஊசி. கீழ்த்தட்டுல வெச்சிருங்க."

"இதக் கேக்கவா இவ்ளோ தயங்கினே? கொழந்தையவே இங்க கொண்டாந்து வெச்சிடு" என்று ஜுனைதா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

ஏன் கீழ்த்தட்டு என்று பாஞ்சாலி விளக்கவில்லை. ஒன்றை விளக்கப்போனால் இன்னொன்றைக் கேட்பார்களே என்ற பயம்.

வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வலி எடுத்தது. தினகரன் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஜுனைதா வீட்டுக் கதவைத் தட்டினான். ஜுனைதா பெட்டியைத் தன் கையாலேயே கொண்டுவருவேன் என்று கூடவே வந்துவிட்டாள். பிரசவ அறையில் பாஞ்சாலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் அம்முலு. டாக்டரம்மா நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தெல்லாம் கரண்ட்டு இல்ல" என்றாள் ஜுனைதா, மூச்சிரைக்க. "கீழ எல்லாம் தண்ணியா ஊத்துது. உன் மருந்து கெட்டுப்பூடுமேன்னு மேல ஐஸ் பெட்டில, ஐஸ் பாக்கெட்டு நடுவுல சொருகி வெச்சேன். ராத்திரி கரண்ட்டு வந்திச்சு. இப்ப பாரு, கல்லு மாதிரி கீது!"

பாஞ்சாலி பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு குப்பியிலும் மருந்து வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் முகம் சுருங்கியது வலியினால் என்றுதான் ஜுனைதா நினைத்தாள்.

டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உறைஞ்சா இந்த மருந்து செத்துப்போகும்மா. உருக்கினாலும் வேலை செய்யாது."

ஜுனைதாவின் வாய் திறந்தபடியே நின்றது. "யா அல்லா! குளுந்தா நல்லதுன்னு நெனச்சேனே. சரி, வேற வாங்கி அடுத்த வாரம் போட்டா ஆவாதா? எங்க புள்ளைங்களுக்கெல்லாம் மாசம் கழிச்சுத்தானே போட்டாங்க?"

அடுத்த வலி வந்து போகும்வரை பாஞ்சாலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு மருந்து வந்தாக வேண்டும். யாராவது இப்போதே ஓடியாக வேண்டும். ஏன் ஓட வேண்டும் என்று சொல்லாமல் யாரை ஓடச் சொல்வது? இத்தனை வருஷம் காத்த ரகசியத்தையும் வயிற்றில் இருப்பதையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது என்பது அந்தக் கட்டிலில்தான் அவளுக்குத் தெளிவாயிற்று.

"ஆவாது பாயம்மா" என்றாள். "என் ரத்தத்துல காமாலைக் கிருமி கீது. மூணு வருசமா தெரியும். இன்னிக்கே ஊசி போடலன்னா கொழந்தைக்கும் வந்துடும்."

முதுகில் இருந்த அம்முலுவின் கை நின்றுவிட்டது. பாஞ்சாலி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"அதான்" என்றாள் அம்முலு மெல்ல. "அதான் உன் விரல்ல குத்தின ஊசிய என்ன எடுக்கவே வுட மாட்டியா? தொடாத, தொடாதன்னு கத்துவியே. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? பெரிய ஹெட் நர்ஸு, நம்மள வெரட்டறான்னு வூட்டுல போய் திட்டிக்கினு இருந்தேன்."

"திட்டினியா?"

"நல்லா திட்டினேன். இப்ப பேசாம மூச்ச இழுத்து வுடு." நின்றிருந்த கை மறுபடியும் முதுகைத் தடவத் தொடங்கியது.

ஜுனைதா அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தாள். தெருமுனை பூத்திலிருந்து தினகரன் காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தான். கையிருப்பில் ஒரு மருந்துதான் இருக்கிறதாம். இன்னொன்றைச் சென்னையிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்வார்களாம். தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முஸ்தபா தொப்பியோடு அங்கே வந்து நின்றார்.

"நான் போறேன் பாய்" என்றான் தினகரன்.

"பதறிக்கினு கீற. நீ போய் எதையாவது போட்டு ஒடச்சுடுவே. எங்க வூட்டுல கெட்டது, நான் வாங்கியாரேன். தொழுகைய காஞ்சிபுரத்துல தொழுதுக்கறேன்." கடையைப் பூட்டி, சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மாவும் அம்முலுவுமாகக் குழந்தையின் மேல் ஒட்டியிருந்த ரத்தத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். பாஞ்சாலி கையை நீட்டவில்லை. எத்தனையோ தாய்மார்களின் மடியில் குழந்தையை வைத்தவள், தன் குழந்தையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"பால் குடு" என்றார் டாக்டரம்மா.

"ஊசி வந்தப்புறம் குடுக்கறேனே மேடம்."

"பால்ல வராதுன்னு நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கே?"

"மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம் மேடம்."

ஜுனைதா குழந்தையைத் தூக்கி, பாஞ்சாலியின் மார்போடு சேர்த்து வைத்தாள். பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை கேட்கவில்லை; தானாகவே தேடிப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பாஞ்சாலி அழுதாள்.

மருந்துக்கடையில் இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் முஸ்தபா ஒவ்வொரு சென்னை பஸ்ஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கண்டக்டர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து தெர்மோகோல் பெட்டியை இழுத்துக் கொடுத்தார்.

"மீனுன்னு நெனச்சு பின்னால தள்ளிட்டேன் பாய். இன்னா மீனு, நாத்தமே காணோம்?"

"மீனு இல்லப்பா, கொழந்தை" என்றார் முஸ்தபா, அவசரத்தில். கண்டக்டர் முழித்ததைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

உத்திரமேரூர் பஸ்ஸில் டிரைவர், பெட்டியை இன்ஜின் மேல் வைக்கச் சொன்னார். முஸ்தபா மாட்டேன் என்றார். மாகறல், திருப்புலிவனம் என்று ஊர் ஊராக நின்று வந்த அந்த பஸ்ஸில், இரண்டு மருந்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, சூடும் படாமல் ஐஸ் கட்டியிலும் நேராக ஒட்டாமல் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா குப்பிகளை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"யார் போடறது?" என்று கேட்டார்.

"அம்முலு போடட்டும்" என்றாள் பாஞ்சாலி.

அம்முலு கையுறையை மாட்டினாள். ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் மற்றொன்று. குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக ஜுனைதா அழுதாள். "இன்னாத்துக்கு பாயம்மா நீ அழுவற? உனக்கா குத்தினேன்?" என்று அம்முலு அதட்டிய பிறகுதான் அந்த அறையில் சிரிப்பு வந்தது.

அடுத்தடுத்த ஊசிகளையும் தவறாமல் போட்டார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை. கீர்த்தி என்று பெயர்.

பாஞ்சாலி மறுபடியும் வேலைக்குப் போனாள். இந்த முறை அவள் மறைக்கவில்லை. அதனால் சிலர் ஆஸ்பத்திரியையே மாற்றிக்கொண்டார்கள். "வேற நர்ஸ அனுப்புங்க" என்று சொன்னவர்களும் உண்டு. அந்த இரவுகளில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கர்ப்பமாகி முதல்முறை வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று அவள் டாக்டரம்மாவிடம் பேசி ஒப்புக்கொள்ளவைத்தாள். கிருமி இருப்பதாகத் தெரிந்து இடிந்துபோய் உட்காரும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் கீதும்மா. எம்பொண்ணுக்கு இல்ல" என்று சொல்லுவாள். அதற்குமேல் பெரும்பாலும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இதைப் படித்தவர்கள் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவில் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணிடமும், அவள் புருஷனிடமும், படிக்கத் தெரியாதவர்களிடமும் பாஞ்சாலியின் கதையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.