ஊசி மாற்றிய வருஷம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஒரு ஜெர்மன்காரர் தன் விசா கடிதங்களை என்னிடம்தான் அடித்து வாங்குவார். ஊர் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சொல்லித் தன் ரெக்கார்டு பிளேயரை எனக்குக் கொடுத்துவிட்டார்.

மரப்பெட்டியின் மேல் கனமான இரும்புத் தட்டு. மோட்டார் ஒரு ஓரமாக இருக்கும். அதிலிருந்து மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று தட்டைச் சுற்றி இழுக்கும். ஒயரை எங்கள் ரேடியோவின் பின்னால் செருகினால் பாட்டு ரேடியோவில் வரும். வேலூரில் ஒரு வயலின் ரெக்கார்டு வாங்கிவந்தேன். பக்கவாத்தியமாக மிருதங்கமும் கஞ்சிராவும். என் மனைவிக்கு அதில் கஞ்சிராதான் பிடிக்கும். கஞ்சிராவில் கோத்திருக்கும் சின்னச் சலங்கைகள் குலுங்கும் இடம் வந்தால், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள்.

அவள் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்துப் பெண். சங்கீதம் படித்தவள் அல்ல. ஆனால் அவளைப் போல ஒரு காதை நான் பார்த்ததில்லை. ஒருநாள் சமையல்கட்டிலிருந்தே, "ஏங்க, பாட்டு இழுக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் பெல்ட் தொய்ந்திருந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினேன். "இப்ப ஆடுது" என்றாள். மெட்ராஸ் போய் ரேடியோ சாமான் விற்கும் தெருவில் அளவு கொடுத்து நல்ல பெல்ட் வாங்கி வந்தேன். பிறகு ஒருநாள் "கரகரங்குது" என்றாள். ஊசி தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினேன். மெஷினில் என்ன கோளாறு என்று நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. எச்சிலில் ரத்தம் கண்டபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிபி என்றார்கள். நாலு வயது மகளை அடி அண்ணாமலையில் என் மாமியார் வீட்டில் விட்டோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். தினமும் ஒரு ஊசி, கூட மாத்திரை. முட்டை கொடுங்க, தட்டு டம்ளர் தனியா வைங்க என்று வரிசையாகச் சொன்னார். அதோடு, "காது இரைஞ்சாலோ, அடைச்சாலோ, தலை சுத்தினாலோ உடனே கூட்டிவாங்க" என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து முட்டையைப் பற்றி மட்டும் அவளிடம் சொன்னேன்.

பகல் முழுக்க அவள் படுத்திருப்பாள். அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தப் பெட்டிதான். ஊசி போட ஆரம்பித்து ஒன்றரை மாதம் இருக்கும். "அந்தச் சலங்கை சத்தம் காணோமே" என்றாள்.

எனக்கு உடனே மெஷின் மேல்தான் சந்தேகம். அவள் காது தப்பாது என்று நம்பினேன். புது ஊசியைக் கழற்றி வேறொன்று போட்டேன். "இல்லைங்க. வயலினும் மேல போறப்ப மங்கிப்போவுது" என்றாள். மறுபடி மெட்ராஸ் போனேன். ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியையே மாற்றினால் துல்லியமாக இருக்கும், ஆனால் அதற்கு ரேடியோ போதாது, தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றார் கடைக்காரர். இரண்டையும் வாங்கினேன். ஸ்பீக்கரைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். உண்மையில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சலங்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னும் கம்மியாத்தாங்க இருக்குது."

"ஒனக்கு என்னா வச்சாலும் பத்தாதா?" என்று கத்தினேன். "ஒருத்தன் ரெண்டு தடவை மெட்ராஸ் போயி அலைஞ்சிருக்கான்!"

"கேக்கல, அதான் சொன்னேன்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சில நாளாகவே சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். நோயின் பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். "நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தினமும் ஊசிக்கு அழைத்துப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஏம்பா, கம்மி பண்ணேன்! பல்லு கூசுது. அவ எப்படித்தான் பக்கத்துலயே உக்காந்துனு இருக்காளோ!"

திரும்பிப் பார்த்தேன். மனைவி ஸ்பீக்கரின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரம்மா வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பாட்டை நிறுத்தினேன். அவள் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் நெருங்கி, காதோரம் ஆட்டினேன். டாக்டர் அன்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளுடைய ஒவ்வொரு காதிலும் வைத்துப் பார்த்தார். "எத்தினி நாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும் சார்."

"மொத நாளே சொன்னேனேப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காதைக் கெடுத்தது அந்த ஊசிதான் என்று சொல்லி அதை நிறுத்தினார். மாத்திரையோடு சமாளிக்கலாம் என்றார். போன காது திரும்பாது என்றும் சொன்னார்.

ஊசியை நிறுத்திய பிறகும் சில வாரம் காது கேட்பது குறைந்துகொண்டே போனது. நுரையீரல் மட்டும் தேறியது. அடுத்த தீபத்துக்குள் அவள் உடம்பில் சதை பிடித்துவிட்டது. மகளை அழைத்து வந்தோம். குழந்தையின் குரல் மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கிற குரல். மகள் ஓடிவந்து ஏதோ சொல்ல, தாய் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், என்ன சொன்னது என்று கேட்கிற பார்வை. "ஆடு குட்டி போட்டிருக்காம்" என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னேன்.

மெஷினை வேலூர் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

பார்க்க வரும் உறவினரிடமெல்லாம் அவள், "யாருக்குத் தெரியும் இப்பிடி ஆவும்னு? நம்ம நேரம்" என்பாள். காது போனவர்களுக்கு வரும் உரத்த குரலில், பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வாள். இரண்டு வருஷம் அதைக் கேட்டேன். ஒருநாள் தாங்காமல், டாக்டர் முதல் நாளே சொன்னதையும், நான் அதை மறந்து மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்ததையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தாள்.

"சலங்கை கேக்கலன்னு சொன்னன்ல, அன்னிக்கே போயிருந்தா?"

ஏதாவது மிஞ்சியிருக்கும் என்று சைகை காட்டினேன்.

"இத்த எதுக்கு இப்ப எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள். அவள் கத்தவில்லை. அந்தக் குரலே அப்படித்தான். ஆனால் தெருவுக்கே கேட்டிருக்கும். தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அன்றிலிருந்து பாயை மகள் பக்கம் போட்டுக்கொண்டாள். சண்டை போடவில்லை. வேளைக்குச் சோறு வைத்தாள், என் சட்டையைத் துவைத்தாள். என்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் மகளிடம் சொல்லி அனுப்பினாள். "அம்மா மளிகை வாங்கியாரச் சொல்லிச்சு" என்று மகள் வந்து நிற்பாள். மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை அப்படியே நடந்தது. அதன் பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் ஆனதும், வேறு வழியில்லாமல் என்னிடமே சொல்ல ஆரம்பித்தாள்.